‘அவங்க ஏன் கை தட்டலை?’

கேள்வி: வார இறுதியில் பாட்டு, நடனம், நாடகம் மூன்றும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடத்துகிறேன். 6 முதல் 14 வயது வரை 26 பிள்ளைகள். இரக்க குணமும் பிறருக்குக் கொடுக்கும் மனமும் வளர வேண்டும் என்று மாதந்தோறும் ‘அன்பான மாணவர்’ விருது கொடுத்துவருகிறேன். ஆண்டு விழாவுக்குத் தயாரித்த நிகழ்ச்சியை அப்படியே ஒரு முதியோர் இல்லத்திலும் நடத்தினோம். ஒன்றரை மணி நேரம். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள், சிலர் தூங்கிவிட்டார்கள். ஓர் அம்மா அழுததைப் பார்த்து இரண்டு சிறு பிள்ளைகள் பயந்துபோனார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு பெண் குழந்தை, ‘நாம நல்லாத்தானே ஆடினோம், அவங்க ஏன் கை தட்டலை?’ என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வகுப்பிலும் முக்கிய வேடத்துக்கான சண்டை ஓயவில்லை. விருது வந்த பிறகு கூடியிருக்கிறது. எங்கே பிசகினேன்? தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: தொடருங்கள். ஆனால் முதலில் அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

கை தட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். விரல் மூட்டுகளில் வாதம் வந்தவருக்குக் கை தட்டினால் வலிக்கும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கையைத் தூக்கவே முடியாமல் இருக்கலாம். பார்க்கின்சன் நோயில் முகத்தசைகள் இறுகிப்போகும். உள்ளுக்குள் மகிழ்ச்சி இருந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. காது மந்தமானவருக்குப் பாட்டு முடிந்ததுகூடத் தெரியாமல் போகலாம். இதையெல்லாம் 6 வயதுக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியும்: ‘அந்தப் பாட்டிக்குக் கை வலிக்கும். அதனால் கை தட்ட மாட்டார். அவர் கால் கட்டைவிரலைப் பார், அது தாளம் போடும்.’ உதடு அசைகிறதா, நாற்காலிக் கையில் விரல் தட்டுகிறதா, மூடிய கண்ணுக்குள் விழி நகர்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வேலை: யாராவது ஒருவரிடம் இப்படி ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேடைக் கலையில் கருணைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: எடுத்துக்கொடுத்தல். பாடுகிறவர் அடுத்த அடியை மறந்தால் பக்கத்தில் இருப்பவர் அடியெடுத்துக் கொடுக்கிறார். நடிகர் வசனத்தில் நின்றுவிட்டால் எதிரே நிற்பவர் எடுத்துக்கொடுக்கிறார். அவர் மறந்தது சபைக்குத் தெரிவதில்லை. எடுத்துக்கொடுத்தவர் பெயரும் யாருக்கும் தெரிவதில்லை. இதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. அடுத்தவர் தடுமாறப்போகிறார் என்பதை அவர் மூச்சிலிருந்தே பிடிக்கிற கவனம் வேண்டும். அந்தக் கவனத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம். முதியோர் இல்லத்தில் தேவைப்பட்டதும் அதே கவனம்தான். அதை வகுப்பில் பழக்காமலே பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனதுதான் பிசகு. எனவே அடுத்த 8 முதல் 10 வாரங்கள் வெளியே எங்கும் போக வேண்டாம்.

விருதை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள். அறிவிப்பும் விளக்கமும் தேவையில்லை. கருணைக்குக் கோப்பை வைத்தால், பிள்ளைகள் ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் உதவுவார்கள், கணக்கு வைப்பார்கள், ‘நேத்து நான்தானே அவளுக்கு உதவினேன்’ என்று சண்டை போடுவார்கள். நீங்கள் பார்த்ததும் இதைத்தான். உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமாசெல்லோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள்கூட பெரியவர் கைதவறிப் போட்ட பொருளை யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தன. அவர்களே 2008-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: உதவியதற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. உதவும் ஆசை பிள்ளைகளிடம் முன்பே இருக்கிறது. விருது அதை வேறு ஒன்றாக மாற்றிவிடுகிறது. நன்றாகச் செய்த பிள்ளையிடம் தனியாக, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘அவன் தப்பான பக்கம் திரும்பினப்போ நீயும் கூடவே திரும்பிட்டே. அதனால யாருக்கும் தெரியலை.’ இது போதும்.

இனி ஒத்திகை அறை. நான் முதலில் சொல்லும் பயிற்சிக்கு 12 நிமிடமும் 8 பிள்ளைகளும் போதும். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 சீட்டுகளை மடித்துக் கொடுங்கள். 7 சீட்டில் ஒன்றும் இருக்காது; ஒன்றில் மட்டும் ‘உன் மூன்றாவது வசனத்தை மறந்துவிடு’ என்று எழுதியிருக்கும். காட்சி தொடங்கட்டும். வசனம் விடுபடும் இடத்தில் மற்றவர்கள் நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், சிரிக்காமல் காட்சியைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: விட்டுப்போன செய்தியைக் கேள்வியாகக் கேட்பது, அதைத் தன் வசனம் போலத் தானே சொல்லிவிடுவது, அல்லது மறந்தவர் மூச்சு விட்டுச் சமாளிக்கும்படி ஒரு செயலைச் செய்வது. முதலாவதுதான் மிக நல்லது, ஏனென்றால் மறந்தவருக்கே வசனம் திரும்பக் கிடைக்கிறது. காட்சி முடிந்ததும் எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். சீட்டு யாரிடம் இருந்தது என்று கேட்கவே கூடாது.

இதில் தவறும் இடங்கள் சில உண்டு. உண்மையிலேயே அடிக்கடி மறக்கும் பிள்ளைக்கு முதல் நான்கு வாரம் அந்தச் சீட்டு போகக் கூடாது. வகுப்பிலேயே திறமையான பிள்ளையிடம் முதலில் போகட்டும். அவனே தடுமாறி மற்றவர்கள் தூக்கிவிட்டால், தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று யாரும் சொல்லாமலே புரியும். அடுத்தது, துடிப்பான ஒரே பிள்ளை எல்லா முறையும் பாய்ந்து காப்பாற்றும். அப்போது, ஒருமுறை எடுத்துக்கொடுத்தவர் அன்றைக்கு இன்னொரு முறை கொடுக்கக் கூடாது என்று வைத்துவிடுங்கள். மூன்றாவது, முகபாவம். எடுத்துக்கொடுக்கும்போது கண்ணை உருட்டினால் அது காட்டிக்கொடுத்ததுதான். அந்த இடத்தில் நிறுத்தி, அதே உதவியை முகத்தில் எதுவும் காட்டாமல் இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.

பாட்டு வகுப்பில் இதற்கு இணையானது மூச்சு. நீண்ட கார்வையை, அதாவது நீட்டிப் பாடும் ஒரே சுரத்தை, ஒரு குழு விடாமல் பிடிக்க வேண்டுமானால், பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கக் கூடாது. இரண்டு இரண்டு பேராக நிறுத்துங்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் குரலைத் தாங்கிப் பிடிக்கட்டும். 4 நொடியில் தொடங்கி 20 நொடி வரை கொண்டுபோகலாம். ஒருவரை ஒருவர் பார்த்து மூச்சு வாங்கினால் ஓரிரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். காதால் மட்டும் பக்கத்தவரைப் பின்தொடர வேண்டிவரும். கூடவே ஒரு விதி: பக்கத்துக் குரல் உன் காதில் விழவில்லையென்றால் நீதான் அதிகம் சத்தம் போடுகிறாய். இது சுருதியையும் திருத்தும், குரலையும் காக்கும்.

நடனத்தில் கண்ணாடிப் பயிற்சி பலருக்கும் தெரிந்ததே: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் பிரதிபலிப்பது. அதில் பொறுப்பை மாற்றிப் போடுங்கள். பின்தொடர்பவர் பிந்தினால் தவறு முன்னே ஆடுபவருடையது. வேகமான பிள்ளைகள் முதலில் எரிச்சல்படுவார்கள். இரண்டே வாரத்தில் எதிரே இருப்பவரின் தோளைப் பார்த்துத் தன் வேகத்தை அளக்கத் தொடங்கிவிடுவார்கள். சேர்ந்து பாடி ஆடுவதற்கே இந்தப் பலன் உண்டு. செபாஸ்டியன் கிர்ஷ்னரும் டோமாசெல்லோவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடித் தாளம் போட்டு விளையாடிய 4 வயதுக் குழந்தைகள், அதே விளையாட்டை இசையில்லாமல் விளையாடியவர்களைவிட ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். எனவே கருணைக்கென்று தனிப் பாடவேளை ஒதுக்க வேண்டியதில்லை.

வேடச் சண்டைக்கு அறிவுரை பலிக்காது. ஏற்பாட்டை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் இருவர். முதல் நாள் ஒருவர் நடிப்பார். அன்று மற்றவர் அதே காட்சிக்கான மேடைச் சாமான்களையும் உடை மாற்றுவதையும் கவனிப்பார். மறுநாள் இடம் மாறும். ஒரே நாள் நிகழ்ச்சியாக இருந்தால் இடைவேளையில் மாறலாம். ஒருவர் வெற்றியில் மற்றவருக்கும் பங்கு இருப்பதால் பகை வளர இடம் குறைகிறது. இதோடு, 26 பேரில் நிகழ்ச்சிக்கு 9 பேர் வீதம் மேடைக்குப் பின்னால் மட்டும் வேலை செய்யட்டும். ஆண்டுக்கு 3 நிகழ்ச்சி நடந்தால் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். திரை இழுப்பது, சாமான் மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் டேப் ஒட்டிக் கட்டம் போட்டு அது திரும்பி வந்ததா என்று பார்ப்பது, நேரம் குறிப்பது, வசனப் படியோடு பக்கத்திரையில் நிற்பது. கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது. நடிகர் வேண்டுமென்றே விடும் இடைவெளி எது, மறந்து நிற்பது எது என்று பிரித்தறிய, அந்தப் பிள்ளை குறைந்தது 2 முழு ஒத்திகையாவது பிரதியைக் கையில் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பெற்றோர் மறுப்புச் சொல்வார்கள். இந்த முறையைச் சேர்க்கை நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் வாதம் வராது. நிகழ்ச்சி முடிந்து மேடையைக் கூட்டுவதும் நாற்காலி அடுக்குவதும் எல்லோருக்கும் பொது. முக்கிய வேடம் போட்டவர் கடைசியாக வீட்டுக்குக் கிளம்பட்டும்.

பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். 1975-இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய ‘எல் சிஸ்தெமா’ இசைப் பயிற்சித் திட்டத்தில், முன்பே கற்ற பிள்ளை புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அடிப்படையான வழக்கம். 3 அல்லது 4 வயது வித்தியாசம் சரியாக இருக்கும்; அதற்கு மேல் போனால் பெரியவர் பொறுமை இழப்பார். வாரம் 10 நிமிடம், 8 அட்சர (தாள எண்ணிக்கை) நீளத்துக்கு ஒரே ஒரு துணுக்கு. சிறியவர் தனியாகச் செய்துகாட்டினால்தான் பெரியவரின் வேலை முடிந்தது. பெரியவர் தானே செய்துகாட்டிவிட்டு நகர்வதும், ‘டீச்சரிடம் சொல்லிவிடுவேன்’ என்று காவல்காரராவதும் நிச்சயம் நடக்கும். தண்டிக்கவோ புகார் சொல்லவோ பெரிய பிள்ளைக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள்.

இத்தனையும் பழகிய பிறகு வெளியே போகலாம். முதல் பயணம் பிள்ளைகள் இல்லாமல் நீங்கள் மட்டும். இல்லத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அங்கே பணிபுரிபவரிடம் கேளுங்கள்: மருந்து, சாப்பாடு, தூக்கம் எந்த நேரம்? எத்தனை பேருக்குக் காது கேட்கும் கருவி இருக்கிறது? மறதி நோய் உள்ளவர்கள் யார்? எதைக் கண்டால் அல்லது கேட்டால் யாருக்குப் பதற்றம் வரும்? முற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மாலை சாயும்போது மறதி நோய் உள்ளவர்களுக்குக் குழப்பமும் கலக்கமும் கூடுவது வழக்கம். பிள்ளைகளுக்கு வசதியான அந்த நேரம் அவர்களுக்கு மிகக் கெட்ட நேரம்.

26 பேரையும் அழைத்துப் போக வேண்டாம். 8 முதல் 10 பேர் போதும். மற்றவர்கள் அடுத்தடுத்த முறை வரட்டும். நிகழ்ச்சி 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு 20 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. பலருக்கு அந்த 20 நிமிடம்தான் நிகழ்ச்சி. ஒன்றரை மணி நேரம் ஒரே நாற்காலியில் அமர்வது வயதானவருக்கு முதுகு வலி, கால் வீக்கம், கழிப்பறைத் தேவை என்று எத்தனையோ தொல்லை. நடுவில் எழுந்து போனவர்கள் உங்களை அவமதிக்கவில்லை. போக விரும்புபவர் தயங்காமல் போகும்படி வாசலுக்கு நேர் வழியை விட்டுவையுங்கள். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். சக்கர நாற்காலிகளை எல்லோருக்கும் பின்னால் தள்ளிவிடாமல் வரிசைகளின் ஓரத்தில் இடம் ஒதுக்குங்கள். அரைவட்டமாக அமர்த்தி, முதல் வரிசைக்கும் பிள்ளைகளுக்கும் 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் நிழலாகிவிடும். உதட்டைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்பவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். தரையில் கறுப்புத் துணி விரிக்காதீர்கள். மறதி நோய் உள்ளவர் கண்ணுக்கு அது பள்ளம் போலத் தோன்றலாம்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நிகழ்ச்சிகள் கெட்டுப்போவது இங்கேதான். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். பிள்ளைகளின் குரல் உயரமானது; ஸ, ஷ, ச போன்ற ஒலிகளும் உயரமானவை. அதனால் முதியவருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. கேட்கவில்லையே என்று நாம் ஸ்பீக்கரைக் கூட்டுவோம். ஆனால் அந்தக் காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, பலத்த ஒலி வலிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கியிருக்கும். காது கேட்கும் கருவி போட்டவருக்கு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். எழுந்து போனவர்களில் சிலர் இதனால்தான் போயிருப்பார்கள். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். உங்கள் நிகழ்ச்சி 70, 75-க்குள் நிற்கட்டும். கைப்பேசியில் உள்ள ஒலியளவு செயலி தோராயமாகக் காட்டிவிடும். 25 பேர் அமரும் அறையில் 10 பிள்ளைகள் பாட ஸ்பீக்கரே தேவையில்லை. பாட்டை அறிமுகம் செய்பவருக்கு மட்டும் ஒரு மைக் போதும். பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஒரு மூச்சு இடம் விடுங்கள். அவர்களும் சேர்ந்து பாட வேண்டுமானால் வழக்கமான சுருதியிலிருந்து 2 அல்லது 3 அரைச் சுரம் இறக்குங்கள். பிள்ளைகளுக்கு எளிதான மேல்ஸ்தாயி 75 வயதுக் குரலுக்கு எட்டாது.

பாட்டுத் தேர்வில் ஒரு கணக்கு உண்டு. மனிதருக்கு 10 முதல் 30 வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் மற்றவற்றைவிட ஆழமாக நினைவில் நிற்கும். கேட்பவருக்கு 80 வயது என்றால் 50 முதல் 70 ஆண்டுக்கு முந்தைய பாட்டைத் தேடுங்கள். மறதி நோயில் பேரப்பிள்ளையின் பெயர் மறந்தவர்கூட இளவயதுப் பாட்டை அடி பிசகாமல் பாடுவதுண்டு. 6 உருப்படிகள் போதும். அதில் 3 அவர்களும் பாடக்கூடியதாக இருக்கட்டும். நாடகத் துண்டு போடுவதானால் இருவர் நடிக்கும் 4 நிமிடக் காட்சிக்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் யார் பேசுகிறார்கள் என்று தொடர முடியாது. முகமூடி, கனமான முகப்பூச்சு, திடீரென்று விளக்கணைப்பது, பட்டாசுச் சத்தம் போன்றவை கூடவே கூடாது.

அந்த அம்மா அழுதது பற்றி எழுதியிருந்தீர்கள். பாட்டு ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்று நமக்குத் தெரியாது. அழுகையை நிகழ்ச்சியின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ‘சில பேர் அழலாம். பாட்டு நிற்காது. பெரியவர் ஒருவர் போய் அவர் பக்கத்தில் உட்காருவார்’ என்று போவதற்கு முன் வாரமே சொல்லிவையுங்கள். பயந்த பிள்ளைக்கு ஒரு சைகை கொடுங்கள்: கையை நெஞ்சில் வைத்தால் யாரும் ஏன் என்று கேட்காமல் வெளியே அழைத்துப் போவார்கள். அந்த வழி உண்டு என்று தெரிந்தாலே பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதில்லை. வர விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தரும் வேலையை அவர் வகுப்பிலிருந்தே செய்யலாம்.

பேசும் 20 நிமிடத்துக்கும் ஒத்திகை வேண்டும், அதுவும் இரண்டு முறை. ஒரு பிள்ளை நாற்காலியில் முதியவராக அமரட்டும், இன்னொருவர் அருகே வரட்டும். பின்னாலிருந்து வராமல் எதிரே வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து அல்லது அமர்ந்து, தன் பெயரைச் சொல்லி, ‘பாட்டி, நான் பக்கத்துல உட்காரட்டுமா?’ என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்டால் மனதுக்குள் 10 வரை எண்ணிப் பொறுக்க வேண்டும். வயதான மூளைக்குப் பதில் திரட்ட நேரமாகும். பிள்ளைகள் இரண்டு நொடியில் அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். முதல் கேள்விக்கான பதில் தொண்டையிலேயே நின்றுவிடும். ‘ஞாபகம் இருக்கா?’ என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அது தேர்வு வைப்பது போலாகிவிடும். ‘உங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?’ ‘இந்த இடத்துல தாளம் எப்படிப் போடணும்?’ என்று கேட்கலாம். அவர் ஊரையோ ஆண்டையோ மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம். கையைப் பிடிப்பதற்கு முன் கையை நீட்டிக் காத்திருக்க வேண்டும். பிடிப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

பெற்றோர் எடுத்த படங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அங்கே இருப்பவர்கள் வாழும் இடம் அது. உங்களுக்கு மேடை, அவர்களுக்கு வீடு. வாசலிலேயே கைப்பேசிகளை ஒரு பெட்டியில் வாங்கி வையுங்கள். பதிவுக்குப் படம் வேண்டுமென்றால் ஒருவர் மட்டும், பிள்ளைகளைப் பின்னாலிருந்து எடுக்கலாம். முதியவர் முகம் வர வேண்டுமானால் அவரிடமும், மறதி நோய் இருந்தால் குடும்பத்திடமும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். படம் எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் பிள்ளையின் கண் முதியவரை விட்டுக் கேமராவுக்குப் போய்விடும். இத்தனை வாரம் பழக்கிய கவனம் அந்த நொடியில் வீணாகும்.

துணைக்கு வரும் பெரியவர்கள் எப்போதும் இருவருக்குக் குறையக் கூடாது. 8 வயது வரை 6 பிள்ளைக்கு ஒருவர், 12 வரை 8 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 10 பிள்ளைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்த அறைக்கும் தனியாகப் போகக் கூடாது. சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் வர வேண்டாம். காய்ச்சல் மருந்தில்லாமல் விட்டு 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் 20 நொடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தின்பண்டம் கொண்டுபோக வேண்டாம், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இருப்பார்கள்.

மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்த ஆசைப்பட்டால் இந்த விதிகள் இன்னும் இறுகும். ரப்பர் பலூன்களும் பூக்களும் பல வார்டுகளில் தடை; சின்னம்மை கண்டவரோடு பழகிய பிள்ளை, முன்பு அந்த நோய் வராமலும் தடுப்பூசி போடாமலும் இருந்தால், 21 நாள் அங்கே போகக் கூடாது. ஒத்திகைக்கே இன்னும் வாரங்கள் தேவை என்பதால் முதல் ஆண்டில் அது வேண்டாம் என்பேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி உங்களால் எளிதில் முடியும்: அரங்கின் விளக்குகளை முழுவதும் அணைக்காமல், ஒலியைக் குறைத்து, யாரும் எழுந்து நடமாடலாம், சத்தம் போடலாம் என்று முன்பே சொல்லி, பக்கத்தில் அமைதியான ஓர் அறையைத் திறந்து வைத்தால் போதும். மேடையில் என்ன வரும் என்று படங்களோடு ஒரு தாளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பார்வையில்லாதவர்கள் வருவதானால் நிகழ்ச்சிக்கு அரை மணி முன் மேடைக்கு அழைத்து, உடைகளையும் சாமான்களையும் தொட்டுப் பார்க்க விடுங்கள். விளக்கும் வேலையைச் சிறு வேடம் போட்ட பிள்ளைகளிடம் கொடுங்கள். தன் பாத்திரத்தைச் சொற்களால் விவரிப்பது நடிப்புக்கே நல்ல பயிற்சி.

நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்துவதானால் ஒன்றே ஒன்று: எந்தப் பிள்ளை எத்தனை நுழைவுச்சீட்டு விற்றது என்ற பட்டியல் சுவரில் ஏறக் கூடாது. வசதியான உறவினர் உள்ள பிள்ளை ஜெயிக்கும், மற்ற பிள்ளை கூனிக்குறுகும்.

திரும்பி வந்ததும், ‘உதவி செய்தது எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். அது பிள்ளையின் கண்ணை மறுபடியும் தன் பக்கமே திருப்பும். யாருடைய கால் தாளம் போட்டது, யார் எந்த அடியைச் சேர்ந்து பாடினார், யார் என்ன பாட்டுக் கேட்டார் என்று கேளுங்கள். பதில்களை ஒரு நோட்டில் பெயரோடு எழுதுங்கள்; அந்த நோட்டு வகுப்பைவிட்டு வெளியே போகக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை போவதைவிட, அதே இல்லத்துக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 3 முறை போங்கள். முதல் முறை நீங்கள் அந்நியர். மூன்றாவது முறை அவர்கள் வாசலில் காத்திருப்பார்கள்.

இரண்டாவது முறை போவதற்குள் அந்த நோட்டில் உள்ள ஒரு பாட்டைப் பிள்ளைகள் கற்றிருக்க வேண்டும். வரிகள் முழுதாகக் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. கிடைத்தவரை கற்றுக்கொண்டு போய், கேட்டவர் எதிரே அமருங்கள். முதல் அடியை அவர் தொடங்கட்டும். அவர் தடுமாறும் இடத்தில் பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் அவர் எடுத்துக்கொடுப்பார்.